நத்தையும் நம் பொறுப்பும்

மழை பிடித்துக்கொண்டால் நம் சங்க அலுவலகத்துக்கு வரும் அங்கத்தினர்கள் நூல் விலையையும் பட்டுக்கூட்டின் விலையையும் பற்றிப் பேசிச் செல்வது வழக்கம். அண்மை மழைக்காலங்களில் இன்னொரு பேச்சும் அவற்றோடு சேர்ந்து வருகிறது. ஒருவர் தம் பையிலிருந்து உள்ளங்கை நீளமுள்ள ஓர் ஓட்டை எடுத்து மேசைமேல் வைத்து, “தோட்டத்துச் சுவரெல்லாம் இதுதான்” என்கிறார். பழுப்பு வரி ஓடிய, நுனி கூர்ந்த ஓடு. சுற்றியிருப்போர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து நகைக்கின்றனர். கன்னடம் பேசும் அன்பர்கள் ‘பசவன ஹுளு’ என்கின்றனர். எருதைப் போலக் கொம்பு நீட்டி நடப்பதால் வந்த பெயர். தெலுங்கில் ‘நத்த’, தமிழில் ‘நத்தை’. மும்மொழியும் புழங்கும் நம் ஓசூர் வட்டாரத்தில் மூன்று மொழியிலும் இது சாதுவான பிராணியே. ஆமையும் நத்தையும் மந்தகதிக்கு உவமையாக வருவனவே அன்றி, அச்சத்துக்கு உவமையாக வந்ததில்லை.

ஆனால் மேசைமேல் இருப்பது நம் பாட்டனார் அறிந்த நத்தை அன்று. இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. இதனைப் பற்றி இவ்விதழில் எழுதலாமா, கூடாதா என்பதே நம் அங்கத்தினரிடையே ஒரு விவாதமாகிவிட்டது. கீரையும் கோஸும் கொத்துமல்லியும் பயிரிடுவோர் சிலர், “நம் சரக்கைப் பற்றி நாமே ஐயத்தைக் கிளப்பலாமா? நாளைக்குச் சந்தையில் நம் கூடையை யார் தொடுவார்கள்?” என்று கேட்டனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. கூடை விற்காவிடில் அன்று அடுப்பு எரியாத குடும்பங்கள் நம்மில் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் எழுதுவதே கடமை என்று கருதுகிறோம். நோயைப் பற்றிய செய்தி என்றேனும் வெளிவந்தே தீரும். அது வதந்தியாக வந்தால் எல்லாக் கூடையும் ஒருங்கே கெடும். உண்மையாக, உரிய அளவோடு, காப்பு முறையோடு நம் வாயிலிருந்தே வந்தால் வாங்குவோர் நம்மை நம்புவர். கூட்டுறவின் மூலதனம் பங்குத் தொகை மட்டுமன்று. நம்பிக்கையும் அதில் அடங்கும்.

முதலில் இப்பிராணியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து மடகாஸ்கருக்கும் மொரீஷியஸுக்கும் சென்றது. 1847-ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேய நத்தை ஆய்வாளர் மொரீஷியஸிலிருந்து கொணர்ந்த நத்தைகள் கல்கத்தாவின் சௌரங்கிப் பகுதித் தோட்டமொன்றில் விடப்பட்டன. இந்தியாவில் இதன் குடியேற்றம் அவ்வாறு தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் பெருகியது. இன்று வங்கம், அஸ்ஸாம், ஒடிசா முதல் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் வரை பரவியுள்ளது. எவரும் தீய எண்ணத்துடன் இதைக் கொணரவில்லை. ஒருவருடைய ஆர்வமும் மற்றவர்களுடைய அசட்டையுமே போதுமானவையாக இருந்தன.

பெருகுவதில் இதற்கு நிகர் சிலவே. ஒவ்வொரு நத்தையிலும் ஆண் தன்மையும் பெண் தன்மையும் உண்டு. ஆகவே இரண்டு கூடினால் இரண்டுமே முட்டையிட வல்லவை. ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டை வரை இடும். ஓராண்டில் ஆயிரத்துக்கு மேலும் இடக்கூடும். மிளகு அளவில், வெளிர் மஞ்சளாக, பொலபொலத்த மண்ணிலும் கல்லின் அடியிலும் முட்டைகள் குவிந்து கிடக்கும். ஐந்தாறு ஆண்டு உயிர் வாழும். கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய சவ்வினால் அடைத்துக்கொண்டு மண்ணுள் உறங்கும்; மழைத்துளி பட்டதும் விழித்தெழும். ஐந்நூறுக்கு மேற்பட்ட செடிவகைகள் இதற்கு உணவாகின்றன. ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டுமாதலால் சுவரின் சுண்ணப் பூச்சையும் சிமெண்டையும்கூடச் சுரண்டித் தின்னும். நம் வீட்டுச் சுவர்களில் காலையில் காணும் பளபளத்த கோடுகளுக்கும் அரித்த தடங்களுக்கும் காரணம் இதுவே.

தானாக ஊர்ந்து இது நெடுந்தூரம் செல்வதில்லை. நாற்றுத் தொட்டி, மணல், செங்கல், எரு, மரக்கட்டை ஆகியவற்றோடு ஏறிக்கொண்டு வாகனத்தில் செல்கிறது. இக்காரணம் பற்றியே நம் வட்டாரம் தனிக் கவனத்துக்கு உரியதாகிறது. 1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றிய பின் ஓசூர் பெரும் தொழில் நகரமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே உள்ள எல்லையை இரவும் பகலும் கடக்கும் லாரிகளுக்குக் கணக்கில்லை. ஆலைகளின் முகப்பில் அழகுக்காக வைக்கும் செடிகளும் புதுக் குடியிருப்புகளுக்கு வரும் மண்ணும் எங்கிருந்து வருகின்றன என்று எவரும் கேட்பதில்லை. கட்டடம் எழாத காலி மனைகளில் புதர் மண்டிக் கிடக்கிறது. நத்தைக்கு இதனினும் ஏற்ற இடம் வேறு ஏது?

இனி, நோயைப் பற்றிக் கூறுவோம். நத்தை தானே நஞ்சுடையது அன்று. எலியின் உடலில் வாழும் ஒரு நுண்ணிய புழுவுக்கு அது இடைக்கால இருப்பிடமாக அமைவதுதான் கேடு. அப்புழுவை எலி நுரையீரல் புழு என்பர். சீனத்தில் காண்டன் நகரத்து எலிகளில் கண்டறிந்து 1935-இல் விவரிக்கப்பட்டது; 1945-இல் தைவானில் மனிதனிடம் கண்டதாக முதல் செய்தி வந்தது. எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் இப்புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கையில் வெளிவருகின்றன. நத்தை அப்புழுக்கையைத் தின்கிறது. குஞ்சுகள் நத்தையின் தசையில் வளர்கின்றன. அந்நத்தையை எலி தின்றால் சுழற்சி முற்றுப்பெறுகிறது. இடையில் மனிதன் வந்து சிக்கிக்கொள்வது தற்செயலே. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நத்தையைத் தின்பதாலும், குட்டி நத்தையோ ஓடில்லாத நத்தையோ ஒட்டிய கீரையைக் கழுவாமல் பச்சையாக உண்பதாலும் புழு உட்செல்கிறது. மனித உடலில் அது முதிர்வதில்லை. மூளையை நாடிச் சென்று அங்கேயே மடிகிறது. அதனால் மூளையைப் போர்த்த உறையில் அழற்சி உண்டாகிறது.

புழு உட்சென்று பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அறிகுறிகள் தோன்றும். தாங்கொணாத தலைவலி, பிடரி விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, சில வேளை இலேசான காய்ச்சல், கண் மங்கல் ஆகியவை அவை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஆனால் எல்லோரும் தேறுவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2010-ஆம் ஆண்டு நண்பர்களிடையே விளையாட்டாக ஓடில்லாத நத்தையொன்றை விழுங்கிய பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் பல மாதம் நினைவிழந்து கிடந்தார். பின் கைகால் வழங்காமல் வாழ்ந்து 2018-இல் மறைந்தார். தாய்லாந்தின் வடகிழக்கில் நீர்நத்தையைப் பச்சையாக உண்ணும் வழக்கத்தால் இந்நோய் பலரையும் தாக்கியுள்ளது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் இவ்வகை மூளை உறை அழற்சி கண்ட நோயாளிகளைப் பற்றி 2006-இல் மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளிவந்தது. அவர்களுள் உடும்பு இறைச்சியைப் பச்சையாக உண்டவர்கள் இருந்தமை குறிப்பிடத்தக்கது. நத்தையைத் தின்ற பிராணியைத் தின்பதாலும் புழு வரக்கூடும்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியைக் கூறாமல் விடுவதற்கில்லை. மூலத்துக்கு நத்தை மருந்து என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்து உழைக்கும் நெசவாளரில் மூலத்தால் அவதியுறுவோர் பலர். வெளியில் சொல்லவும் கூச்சம். வயலிலும் ஏரியிலும் கிடைக்கும் நத்தையை நன்கு வேகவைத்து உண்பதைப் பற்றி நாம் வாதாட வரவில்லை. ஆனால் ‘பச்சையாக விழுங்கினால் பலன் அதிகம்’ என்று எவரேனும் சொன்னால், அதைக் கேட்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். நீர்நத்தையிலும் இப்புழு இருக்கக்கூடும். மூலத்துக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டு. கூச்சத்தை விலையாகக் கொடுத்து மூளையை இழப்பது எவ்வகையிலும் நியாயமான பேரமாகாது.

அச்சத்துக்கும் ஓர் அளவு வேண்டும். இந்நோய் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவுவதில்லை. கொதிக்க வைத்த உணவில் இப்புழு உயிரோடு இராது; சில நிமிடம் நன்றாகக் கொதித்தாலே மடிந்துவிடும். நம் சமையலில் கீரையைக் கடைவதும் மசிப்பதும் காயைக் குழம்பில் வேகவைப்பதுமே பெருவழக்கு. ஆதலால் நம் அங்கத்தினர் விளைத்த கீரையை ஒருவர் வாங்கிச் சமைத்து உண்பதில் ஐயுறுவதற்கு ஒன்றுமில்லை. கவனம் வேண்டியது பச்சையாக உண்பவற்றில்தான்: மேலே தூவும் கொத்துமல்லித் தழை, புதினாத் துவையல், வெங்காயத்தோடு நறுக்கிப் போடும் கோஸ், குழந்தைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்னும் தக்காளி. இவற்றை இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்பு நீரிலோ புளிக்காடியிலோ சற்றே ஊறவைத்தால் புழு மடியும் என்று நம்பியிருக்கலாகாது. கையால் தேய்த்துக் கழுவுவதே உறுதி. நத்தை கடித்த பகுதியைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். நீர்த்தொட்டிக்கும் குடத்துக்கும் மூடி வேண்டும். நீரில் விழுந்து செத்த நத்தையிலிருந்து புழுக்குஞ்சுகள் வெளிவருவதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். மழை விட்ட மாலையில் நத்தையைப் பிடித்து ஓட்டப் பந்தயம் விடுவதும், ஓட்டைக் காதில் வைத்துக் கேட்பதும் சிறுவர்க்கு இயல்பான விளையாட்டு. அடித்து விலக்கினால் மறைவில் விளையாடுவர். காரணம் சொன்னால் கேட்பர். நத்தையைத் தொட்ட கையை வாயில் வைக்கலாகாது என்றும், சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தின்பண்டம் எடுக்க வேண்டுமென்றும் தாய்மார்கள் பழக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் முற்றத்தை நாள்தோறும் காலையில் பார்த்துச் சுத்தம் செய்வது நல்லது. மேற்கூறிய அறிகுறி யாருக்கேனும் தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் செல்க. சென்றதும் இன்னதைத் தின்றோம், நத்தையைக் கையாண்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்க. கேட்டால்தான் அவருக்கு இந்நோயின் நினைவு வரும். கடையில் புழு மருந்து வாங்கித் தாமாக விழுங்குவது தகாது. மூளையில் புழுக்கள் ஒருங்கே மடிந்தால் அழற்சி மிகக்கூடுமாதலால், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே.

விவசாயியின் நட்டமும் சிறிதன்று. எல்லைக்கு அப்பால் ஹிந்துபூர் வட்டாரத்தில் மல்பெரித் தோட்டங்களை இந்நத்தை தாக்கியமை பட்டு வளர்ப்போர் பலரும் அறிந்ததே. ஓசூரைச் சுற்றி மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்போர் நம் சங்கத்தில் கணிசமானவர். தளிரிலையை நத்தை தின்றால் புழுவுக்கு இலை குறையும்; எஞ்சிய இலையில் சளி படியும். இதனால் பொறுமையிழந்த அன்பர்கள், நத்தைக் கொல்லி மருந்தைச் சங்கமே வாங்கிக் குறைந்த விலைக்குத் தர வேண்டுமென்று கேட்கின்றனர். இதில் நாம் அவர்களோடு உடன்பட இயலவில்லை.

காரணம் கூறுவோம். கடைகளில் விற்கும் மெட்டால்டிஹைடு குருணை நத்தையைக் கொல்வது உண்மையே. ஆனால் அதைத் தின்னும் நாயும் கோழியும் வலிப்புக் கண்டு மடியும். குழந்தை கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்தில் இவை எல்லாம் ஒரே முற்றத்தில் உலவுகின்றன. கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் புகையிலைக் கஷாயத்தையும் மயில்துத்தக் கரைசலையும் கலந்து தெளிக்கும் முறையைப் பரிந்துரைத்தனர். அது பல இடங்களில் பயன் தந்தது. ஆனால் பட்டுப்புழுவுக்குப் புகையிலை கொடிய நஞ்சு. புகையிலைச் சத்துப் பட்ட இலையைத் தின்ற புழு பிழைப்பதில்லை. நத்தையை ஒழிக்கப் போய்ப் புழு வளர்ப்பு மனையைச் சுடுகாடாக்கிக் கொள்ளலாகாது. உண்ணும் கீரைமீதும் அதைத் தெளிக்கலாகாது. ஆகவே மருந்தை மூட்டையாக வாங்கி எல்லோருக்கும் பங்கிடுவதை நாம் எதிர்க்கிறோம். தவிர்க்க முடியாத இடத்தில் வேளாண் அலுவலரின் நேரடி யோசனையுடன் பயன்படுத்துவது வேறு.

ஒரு பிராணியை ஒழிக்க வேறொரு பிராணியைக் கொணர்வோம் என்பதும் பழைய மயக்கமே. இந்நத்தையைத் தின்னும் என்று நம்பி 1955-இல் ஹவாய்த் தீவுகளில் ஒரு வேட்டை நத்தையை விட்டனர். பின் 1977-இல் மூரியா என்னும் பசிபிக் தீவிலும் விட்டனர். அது ராட்சத நத்தையை ஒழிக்கவில்லை. அத்தீவுகளுக்கே உரிய சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று பூண்டற்றுப் போகச் செய்தது. நம் மண்ணிலும் பிறந்தது முதல் இங்கேயே வாழும் சிறு நத்தைகள் உண்டு. அவற்றையும் கண்டபடி நசுக்காமல், பெரிய ஓட்டையுடைய அன்னியனை அடையாளம் கண்டு நீக்குவதே அறிவுடைமை.

ஆயின் வழி என்ன? கைகளால் பொறுக்குவதே வழி. அதுவும் எல்லோரும் ஒரே நாளில் பொறுக்குவது. அமெரிக்காவின் மயாமி நகருக்கு 1966-இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளைக் கொணர்ந்தான். அவை தோட்டத்தில் விடப்பட்டன. ஏழே ஆண்டில் அவை 18,000-க்கு மேல் பெருகின. வீடு வீடாகத் தேடிப் பொறுக்கி, பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, 1975-இல் அவற்றை ஒழித்தனர். அதே மாவட்டத்தில் 2011-இல் மீண்டும் தோன்றியது. மீண்டும் பத்தாண்டு உழைத்து 2021-இல் ஒழித்ததாக அறிவித்தனர். செல்வம் மிக்க நாட்டிலும் இறுதியில் கைகொடுத்தது பொறுமையும் தேடலுமே. நம்மிடம் அவ்வளவு பணமில்லை. ஆனால் அண்டை வீட்டாரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதற்குத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்?

நாம் முன்வைக்கும் யோசனை இது. மழைக்காலம் முழுதும் வாரத்தில் ஒரு மாலையைத் தெருவாரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்திய நாள் நனைந்த கோணிச் சாக்கையும் கோஸ் இலையையும் பப்பாளித் தண்டையும் தோட்டத்தின் மூலைகளில் போட்டு வைத்தால் நத்தைகள் அங்கே வந்து கூடும். பெரியவர்கள் கையுறையோ தடித்த பாலிதீன் பையோ அணிந்து பொறுக்கி, அடர்ந்த உப்புக் கரைசல் நிரம்பிய வாளியில் இட வேண்டும். செத்தவற்றையும் அந்நீரையும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும், வாய்க்காலில் கொட்டலாகாது, பாத்தியில் உப்பைத் தூவி மண்ணையும் கெடுக்கலாகாது. கண்ட இடத்தில் மிதித்து நசுக்குவதும், வேகவைக்காமல் கோழிக்கு இடுவதும் வேண்டா. முட்டைக் குவியலைக் கண்டால் அதனையும் வாளியில் சேர்க்க வேண்டும். இத்தனை நத்தைக்கு இத்தனை காசு என்று சிறுவருக்குக் கொடுக்கலாம் என ஓர் அன்பர் கூறினார். நல்லெண்ணத்துடன் கூறியதே, ஆயினும் நாம் இசைய மாட்டோம். காசுக்காக வெறுங்கையால் பொறுக்கப் போவது ஏழை வீட்டுக் குழந்தையே, நோயும் அவனுக்கே. அக்காசைக் கொண்டு கையுறையும் உப்பும் சுண்ணாம்பும் வாங்கித் தெருவுக்கு ஒரு தொகுதியாகச் சங்கம் தருவதே முறை.

எலியை மறந்தால் பாதி வேலையே முடிந்ததாகும். தானியக் குதிரையும் நூல் இருப்பு அறையையும் எலி புகாமல் அடைப்பதும், குப்பையைத் தேங்கவிடாமல் அகற்றுவதும் இந்நோய்ச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுப்பதாகும். புதிதாக நாற்றோ எருவோ வாங்குவோர் தொட்டியின் அடியையும் மண்ணையும் பார்த்துப் பிரித்தெடுத்த பின்னரே தோட்டத்துள் கொண்டுசெல்க.

வேலி கடந்து வருவதை வேலிக்குள் இருப்பவர் மட்டும் தடுக்க இயலாது. ஆகவே மாநகராட்சியாரும் ஊராட்சியாரும் காலி மனைகளின் புதரை மழைக்கு முன் நீக்கச் செய்ய வேண்டும். ஆலை நிர்வாகத்தினர் தம் மதிலுக்குள்ளும் அதே நாளில் பொறுக்கச் செய்ய வேண்டும். வேளாண்மை, பட்டு வளர்ச்சி, சுகாதாரத் துறைகளின் அலுவலர்கள் ஒன்றாக அமர்ந்து நம் வட்டாரத்துக்கென ஒரு திட்டம் வகுக்க வேண்டும். இவற்றைக் கேட்டு நிர்வாகக் குழு விண்ணப்பம் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் பதில் வரும்வரை நத்தை காத்திராது. விண்ணப்பத்தில் கையொப்பமிடும் ஒவ்வோர் அங்கத்தினரும் அன்று மாலையே தம் கொல்லையில் ஒரு வாளியோடு இறங்கட்டும். அடுத்த பொதுக் கூட்டத்தில் எந்தத் தெரு எத்தனை வாரம் தவறாமல் பொறுக்கியது என்னும் கணக்கை, நூல் கணக்கோடும் கூட்டுக் கணக்கோடும் சேர்த்து வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.